தாராபுரத்தில் இறங்க வேண்டியவள்

முன் சீட்டுக்காரர் போனில் சொன்னது உங்கள் காதில் விழுந்ததா அக்கா? "வீட்டுக்காரன் செவுத்த இடிச்சா குடியிருக்கறவன் என்னங்க பண்ணுவான்? கட்டிலைத் தூக்கி அந்தப் பக்கம் போடுவான்" என்றார். யாருக்கோ வாடகைத் தகராறு போலிருக்கிறது. நான் ஒட்டுக்கேட்கவில்லை, அவர் சத்தமாகப் பேசுகிறார். ஆனால் அவர் சொன்னதுதான் அக்கா என் வேலை. அதேதான். நாலு வருஷமாகக் கட்டிலைத் தூக்கி அந்தப் பக்கம் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

இந்த மூட்டை உங்கள் காலில் இடிக்கிறதா? மடியில் வைத்துக்கொள்கிறேன். உள்ளே கம்ப்யூட்டர் பெட்டி, ரொம்பப் பழசு. மேலே சுற்றியிருப்பது பனியன் துணி. மயில்கழுத்து நிறம் வர வேண்டியது பாசி நிறத்தில் வந்துவிட்டதாம், கழித்துப் போட்டிருந்தார்கள்.

நான் இந்தப் பஸ்ஸில் வர வேண்டியவளே இல்லை. கோயம்புத்தூருக்குப் போக வேண்டியவள். தாராபுரத்தில் இறங்கித் திரும்பிவிடலாம் என்று எழுந்தேன், நீங்களும் பார்த்தீர்கள், கண்டக்டர் கையைக் காட்டி உட்காரச் சொல்லிவிட்டார். அவர் ஏன் அப்படிச் செய்கிறார் என்பதையும் சொல்கிறேன். இத்தனை பேர் முன்னால் எப்படிச் சத்தம் போடுவது? உட்கார்ந்துவிட்டேன். ஒட்டன்சத்திரத்தில் இறங்கிவிடுவேன்.

நான் யாரிடமும் இவ்வளவு பேசுகிறவள் இல்லை அக்கா. ஆபீசில் கேட்டுப் பாருங்கள், செண்பகமா, அந்தப் பெண் வாய் திறக்குமா என்பார்கள்.

கோயம்புத்தூரில் எங்கள் கம்பெனி சின்னது. சாயப்பட்டறை மெஷின்களுக்கு ஒரு மொழி செய்து கொடுத்திருக்கிறோம். டையிங் மாஸ்டர் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, தண்ணீரை இவ்வளவு சூடாக்கு, இவ்வளவு நேரம் வை, உப்பைப் போடு, சாயத்தை விடு என்று எழுதுவார். சமையல் குறிப்பு மாதிரி. மெஷினுக்கு அது புரியாது. அதை மெஷினுக்குப் புரிகிற மாதிரி மாற்றிக் கொடுக்கிறதுதான் கம்பைலர். அந்தக் கம்பைலர்தான் என் பொறுப்பு. எழுதியவர் நான் இல்லை, எனக்கு முன்னால் இருந்த யாரோ. காப்பாற்றுகிறவள் நான்.

கம்பைலர் சும்மா காற்றில் நிற்காது அக்கா. கம்ப்யூட்டருக்குள் கெர்னல் என்று ஒன்று உண்டு. அதுதான் வீட்டுக்காரன். தண்ணீர், கரண்டு, சாவி எல்லாம் அதன் கையில். நமக்கு ஓர் இடம் வேண்டும், ஒரு கோப்பைத் திறக்க வேண்டும் என்றால் அதனிடம்தான் கேட்க வேண்டும். அது மாறிக்கொண்டே இருக்கும். எங்கேயோ யாரோ உட்கார்ந்து மாற்றுகிறார்கள். நம்மிடம் சொல்லிவிட்டு மாற்றுவதில்லை. ஒருநாள் காலையில் போனால் குழாய் இருந்த இடத்தில் ஜன்னல் இருக்கும்.

எல்லாப் பட்டறையும் ஒரே நேரத்தில் புதுசுக்கு மாறிவிட்டால் கஷ்டமில்லை. மாற மாட்டார்கள். ஒருத்தர் புதுசு, ஒருத்தர் அதற்கு முந்தினது, ஒருத்தர் அதற்கும் முந்தினது. அதனால் எங்கள் கம்பைலர் ஒவ்வொரு அடியிலும் ஒரு கேள்வி கேட்டுக்கொண்டே போகும். நான் எந்த வீட்டில் இருக்கிறேன்? பழைய வீடா, இப்படிச் செய். புது வீடா, அப்படிச் செய். அந்தக் கேள்விகள் முழுக்க நான் வைத்தவை. எது எங்கே இருக்கிறது என்று எனக்கு மட்டும்தான் தெரியும். பெருமைக்குச் சொல்லவில்லை.

எங்கள் விஸ்வேஸ்வரன் சார், அவர்தான் முதலாளி, ஒரு சட்டம் வைத்திருக்கிறார். ஒரே ஒரு கஸ்டமர் இருந்தாலும் அவர் வீட்டுக்கான வழியை, கிளை என்போம், அதை வெட்டக் கூடாது. நல்ல சட்டம்தான். கிளையை வெட்டாமல் இருக்க வேண்டும் என்றால் ஒவ்வொரு மாற்றத்தையும் ஒவ்வொரு பழைய கம்ப்யூட்டரிலும் ஓட்டிப் பார்க்க வேண்டும். அதற்காக ஆபீசில் ஓர் அறை. ஜன்னல் கிடையாது. பழைய பெட்டிகள் வரிசையாக உட்கார்ந்து உறுமிக்கொண்டிருக்கும். அதற்கு முதியோர் இல்லம் என்று பேர். என்னை வார்டன் என்பார்கள். "வார்டன் மேடம், தாத்தா இன்னைக்கு மூச்சு விட்டாரா" என்று கேட்டுவிட்டுத்தான் டீ குடிக்கப் போவார்கள். நான் சிரித்துவைப்பேன்.

தாத்தா என்பது எல்லாவற்றிலும் பழைய கெர்னல். அது வெளியில் ஒரே ஒரு பட்டறையில்தான் இருந்தது. திருப்பூரில், கருணாம்பிகை அக்கா பட்டறையில். கணவர் போன பிறகு அந்த அக்காதான் பட்டறையை நடத்துகிறார். நல்ல மாதிரி. நான் ஒவ்வொரு முறை மாற்றின கம்பைலரை அனுப்பும்போதும் போன் செய்து கேட்பேன். "போட்டுப் பாத்துட்டோம் அம்மிணி, நல்லா இருக்குதுங்" என்பார். அந்தக் குரலைக் கேட்டால் எனக்கு ஒரு நிம்மதி. நான் பட்ட பாட்டுக்கு ஓர் ஆள் இருக்கிறார் இல்லையா.

ஆடி மாசம் எனக்கு வேறு வேலை கிடைத்தது. எங்கள் ஊர் பாளையங்கோட்டை அக்கா. அங்கே நான் படித்த பெண்கள் கல்லூரியிலேயே, கம்ப்யூட்டர் பாடம் எடுக்க. வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம். எனக்கு அதுதான் ஆசை. நாலு வருஷமாக அது மட்டும்தான் ஆசை. வகுப்பில் நின்று பேசுவாயா என்று கல்லூரியை நடத்துகிற சிஸ்டர் கேட்டார், பேசுவேன் என்றேன். அன்றைக்கே ராஜினாமா எழுதிக் கொடுத்தேன்.

சார் வாங்கிப் பார்த்துவிட்டு, "ஆடியில யாராவது வேலை மாறுவாங்களாம்மா, ஆவணி பொறக்கட்டும்" என்றார். நியாயமாகத்தான் பட்டது.

ஆவணி பிறந்தது, புதுக் கெர்னல் வந்தது. அதில் என்ன மாற்றம் தெரியுமா? எங்கள் கம்பைலர் எழுதினதை எழுதின இடத்திலேயே ஒருமுறை ஓட்டிப் பார்க்கும். புதுசு அதை விடவில்லை. எழுதுகிற இடத்தில் ஓட்டக் கூடாது, ஓட்டுகிற இடத்தில் எழுதக் கூடாது. திருடன் உள்ளே வந்து எதையாவது எழுதி ஓட்டிவிடுவானாம். ஒரே அறையில் சமைத்து அங்கேயே பாய் போட்டுப் படுத்தவர்களிடம், சமையலுக்கு ஓர் அறை, படுக்க ஓர் அறை, இரண்டும் சேரக் கூடாது என்றால்? இருப்பதே ஓர் அறை. நான் எப்படியோ தட்டியைக் கட்டினேன். சமைத்து முடித்ததும் அடுப்பை அணைத்து, அறையைச் சமையலறை இல்லை என்று அறிவித்துவிட்டு, அப்புறம் படுக்கிற மாதிரி. தாத்தாவுக்கு அந்த மாதிரி அறிவிக்கத் தெரியாது. அதனால் அங்கே ஒரு கேள்வி. இங்கே ஒரு கேள்வி. முடிந்தபோது புரட்டாசி.

புரட்டாசியில் சார் ஒன்றும் சொல்லவில்லை. நானேதான், புரட்டாசியில் எதற்குப் புதுசாக ஒன்றை ஆரம்பிப்பது என்று விட்டுவிட்டேன். ஐப்பசியில் தீபாவளி. பட்டறைகளில் மெஷின் நிற்காமல் ஓடுகிற நேரம். அப்போது ஏதாவது ஆனால் துணியெல்லாம் பாழ். மனசாட்சி என்று ஒன்று இருக்கிறது அல்லவா? சிஸ்டரிடம் போனில் சொன்னேன். சரி, பருவத் தேர்வு முடியட்டும் என்றார்.

என் இடத்துக்கு என்று ஓர் ஆள் எடுத்தார்கள். பிரிட்டோ. திருச்சிப் பையன், என்னைவிடச் சின்னவன், படபடவென்று பேசுவான். வந்ததும் என் கேள்விகளையெல்லாம் பார்த்துவிட்டுத் தலையில் கையை வைத்தான்.

"மேடம், வீட்டுக்குள்ள ஒவ்வொரு அறையிலயும் நின்னு இது எந்த வீடுன்னு கேக்கறீங்க. வாசல்ல ஒரு தடவை கேட்டா போதாதா?" என்றான்.

அதாவது கெர்னலிடம் கேட்க வேண்டியதையெல்லாம் ஒரே இடத்தில் சேர்த்துவிடுவது. வாசலில் ஓர் ஆளை உட்கார வைத்த மாதிரி. வீட்டுக்காரன் என்ன மாற்றினாலும் அந்த ஆள் பார்த்துக்கொள்வான், உள்ளே இருப்பவர்களுக்கு எந்த வீடு என்றே தெரிய வேண்டாம். கேட்க நன்றாகத்தான் இருந்தது. படித்த பாடம்தானே, எனக்கும் தெரியும். ஆனால் என் கேள்விகள் ஒவ்வொன்றும் ஏதோ ஒருநாள் ஏதோ ஒரு பட்டறைக்காக நான் அழுதுகொண்டே வைத்தது. அதையெல்லாம் பிடுங்கி ஒரே இடத்தில் நடுகிறேன் என்றால் எப்படி இருக்கும் உங்களுக்கு?

கார்த்திகை முழுக்க அவன் அதைச் செய்தான். செய்துவிட்டான் என்றுதான் சொல்ல வேண்டும். மற்ற எல்லாப் பெட்டியிலும் ஓடியது. தாத்தாவில் ஓடவில்லை. நான் சொன்னேன், பார்த்தாயா? அவன் சொன்னான், "மேடம், இது ஒண்ணை மட்டும் விட்டுடுவோம். அந்தப் பட்டறையில இதை நிஜமாவே ஓட்டறாங்களா? ஒரு வார்த்தை கேட்டுடுங்களேன்."

கஸ்டமரிடம் அப்படியெல்லாம் கேட்கலாமா அக்கா? நீங்கள் இன்னும் இதைத்தான் வைத்திருக்கிறீர்களா என்று? சுருக்கென்று படாதா? நான் கேட்கவில்லை. அவன் கேட்கிறேன் என்றான். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சாரிடமும் போய், இது பாதுகாப்பில்லை, தாத்தாவில் ஓடவில்லை என்றேன். சார் என் பேச்சைத்தான் கேட்பார். அவனுடைய வேலையை அப்படியே ஓர் ஓரத்தில் வைத்துவிட்டார்கள்.

அன்றைக்கு அவன் என் மேசைக்கு வந்து ஒன்று கேட்டான். "மேடம், நாளைக்கு நீங்க ஆபீசுக்கு வரலைன்னா என்ன ஆகும்?"

நான் வராமல் இருந்ததே இல்லையே, எனக்கு எப்படித் தெரியும்?

அவன் சிரித்தான். கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போனவன் பெங்களூரில் வேலை கிடைத்துவிட்டது என்று எழுதிவிட்டான். நல்ல பையன்தான். ஆனால் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஓர் இடத்தில் நிலைத்து நிற்கிற பழக்கம் இல்லை. மறுபடியும் நான் ஒருத்திதான். மார்கழியில் யாராவது வீடு மாறுவார்களா, அதனால் தை பிறக்கட்டும் என்று நானும் இருந்துவிட்டேன்.

இது என்ன ஊர்? ஒட்டன்சத்திரமா? கொஞ்சம் வழி விடுங்கள் அக்கா.

பார்த்தீர்களா, மறுபடியும் கையைக் காட்டுகிறார். "உக்காருங்கம்மா, உங்க ஊரு இன்னும் வரலை" என்கிறார். என் ஊர் எது என்று எனக்குத் தெரியாதா? எல்லாரும் திரும்பிப் பார்க்கிறார்கள். சரி, திண்டுக்கல். திண்டுக்கல்லில் நீங்கள் எனக்காக ஒரு வார்த்தை சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் கேட்பார்.

தை பிறந்தது. மறுபடியும் ஒரு கெர்னல். அந்த நேரம் பார்த்து முதியோர் இல்லத்தில் தாத்தா போய்விட்டார். பெட்டி புகைந்து நின்றுவிட்டது. "வார்டன் மேடம், காரியம் என்னைக்கு" என்று கேட்டார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஓட்டிப் பார்க்காமல் எப்படி அனுப்புவது? அந்தக் கெர்னல் உயிரோடு இருக்கிற இடம் இனி ஒன்றே ஒன்றுதான். சாரிடம் கேட்டேன். அவர், "அவ்வளவு தூரம் போகணுமாம்மா" என்றார். போக வேண்டும் என்றேன். இன்று காலையில் கிளம்பித் திருப்பூர் வந்தேன். பட்டறைக்குச் சொல்லிவிட்டு வந்திருக்கலாம். அது எனக்குத் தோன்றவில்லை.

பட்டறைக்குள் போனால் சாய நெடி. மெஷின் எல்லாம் ஓடிக்கொண்டிருக்கிறது. டையிங் மாஸ்டர் ஒரு புதுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறார். நான் தேடி வந்த பெட்டி மூலையில், மேலே ஒரு பிள்ளையார், பக்கத்தில் ஊதுபத்தி ஸ்டாண்டு. ஒயர் சுருட்டிக் கட்டி வைத்திருக்கிறது.

கருணாம்பிகை அக்கா என்னைப் பார்த்ததும் பதறிப்போய்ப் பிள்ளையாரை எடுத்து வைத்துவிட்டு ஒயரை அவிழ்க்கப் போனார். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். அப்புறம் அவரே ஒயரைக் கீழே போட்டுவிட்டார்.

"அம்மிணி, இதை ஓட்டி ஒண்ணரை வருசம் ஆச்சுங். புதுசு வாங்கிட்டோம். நீங்க மாசா மாசம் இவ்வளவு பிரியமா அனுப்பறீங்க, வேண்டாம்னு எப்படிச் சொல்றதுங்? நீங்க அனுப்புனா அன்னைக்கு மட்டும் இதுக்குக் கரண்டு குடுத்து, போட்டுப் பாத்துட்டு, அணைச்சுப் போடுவோம்."

எனக்காகவாம் அக்கா. நான் அவருக்காகச் செய்துகொண்டிருக்கிறேன், அவர் எனக்காகச் செய்துகொண்டிருக்கிறார்.

நான் கோபப்படவில்லை. எனக்குக் கோபப்படத் தெரியாது. பொறுமையாக எடுத்துச் சொன்னேன். இந்தப் பெட்டி ஒன்றும் கெட்டுப்போகவில்லை, இப்போதும் நன்றாகத்தான் ஓடும். ஒரே ஒரு மெஷினையாவது இதில் மாட்டி வையுங்கள், காசு ஒன்றும் வேண்டாம், நானே வந்து மாட்டித் தருகிறேன் என்றேன். டையிங் மாஸ்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். கருணாம்பிகை அக்கா, "எதுக்குங் அம்மிணி?" என்றார்.

எதற்கு என்றால் என்ன சொல்வது? அதைச் சொல்ல வாயெடுத்தபோதுதான் அம்மா போன் செய்தாள். பட்டறைச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. ஸ்பீக்கரில் போட்டேன். அது தப்பாகிவிட்டது.

"ஏட்டி செம்பகம், சிஸ்டர் வீட்டுக்கே வந்துட்டுப் போறாவ. திங்கக்கிழமை வரலைன்னா வேற ஆளைப் போட்டுருவாவளாம். இதுக்கு மேல அவங்களால பொறுக்க முடியாதாம். வருவியா மாட்டியா?"

"இல்லம்மா, இப்ப வர முடியாது. கெர்னல் மாறிடுச்சு."

"ஏட்டி, அவன் என்னைக்கு மாறாம இருந்தான்?" என்று கேட்டுவிட்டு அம்மா வைத்துவிட்டாள்.

அம்மாவுக்குக் கெர்னல் என்றால் ஆபீசில் யாரோ ஓர் ஆள் என்று நினைப்பு. விளக்கிச் சொல்லிப் பார்த்துவிட்டேன், புரியாது.

கருணாம்பிகை அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார். என்ன வேலை, எந்த ஊர், எப்போதிலிருந்து கூப்பிடுகிறார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். சொன்னேன். ஆடியிலிருந்து நடந்ததைச் சொன்னேன். பிரிட்டோ செய்ததைச் சொன்னேன். தாத்தாவில் மட்டும் ஓடவில்லை என்பதைச் சொன்னேன். கிளையை வெட்டக் கூடாது என்கிற சட்டத்தையும் சொன்னேன்.

"அப்ப இந்தப் பொட்டி ஒண்ணுக்கோசரந்தான் நீங்க அங்க உக்காந்திருக்கீங்களா?"

"ஆமாங்கக்கா" என்றேன்.

 அவர் பிள்ளையாரை எடுத்துப் புதுக் கம்ப்யூட்டர் மேல் வைத்தார். கழித்துப் போட்ட துணிக் குவியலில் இருந்து இதை உருவி, பெட்டியைச் சுற்றி, குழந்தைக்குக் குளிருக்குச் சுற்றுகிற மாதிரி நாலு பக்கமும் இறுக்கிக் கட்டினார். நான் கேட்டுக்கொண்டே இருக்கிறேன், என்னங்கக்கா செய்கிறீர்கள், அதில் நான் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று. காதில் வாங்கவில்லை. பெட்டியைத் தன் ஸ்கூட்டரில் முன்னால் வைத்து, என்னைப் பின்னால் உட்காரச் சொன்னார். கோயம்புத்தூர் பஸ் ஏற்றிவிடப் போகிறார் என்று நினைத்தேன். பெட்டி ஆபீசுக்கு வந்துவிடும், காலி இடத்தில் வைத்துக்கொள்ளலாம், நாளைக்கே ஓட்டிப் பார்த்துவிடலாம் என்று எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

போகும் வழியில் ஆபீஸ் நம்பரை என்னிடம் வாங்கி, வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுப் பேசினார். சாரிடம்தான். "அந்தப் பொட்டி எங்ககிட்ட இல்லைங். இனிமே அதுக்கோசரம் ஒண்ணும் அனுப்ப வேண்டாமுங்" என்று மட்டும் சொன்னார். சார் அந்தப் பக்கம் என்ன சொன்னாரோ. எனக்கு இன்னும் போன் வரவில்லை. வரும். கட்டாயம் வரும். அதனால்தான் கையிலேயே வைத்திருக்கிறேன்.

இப்போது நீங்களே சொல்லுங்கள், திங்கட்கிழமை அந்தப் புதுக் கெர்னலுக்கு யார் பதில் சொல்வது? பிரிட்டோ செய்தது அங்கே ஓரத்தில் அப்படியே இருக்கிறது, எடுத்துப் போட்டால் ஓடும்தான். ஆனால் யாராவது பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டாமா? நான் திண்டுக்கல்லில் இறங்கினால் ராத்திரிக்குள் கோயம்புத்தூர் போய்விடலாம்.

திருப்பூர் பஸ் ஸ்டாண்டில் கோயம்புத்தூர் வண்டி நின்றுகொண்டிருந்தது அக்கா. நான் அந்தப் பக்கம்தான் நடந்தேன். கருணாம்பிகை அக்கா என் கையைப் பிடித்து இந்தப் பக்கம் திருப்பினார். திருநெல்வேலி பஸ்ஸில் ஏற்றி, இந்த ஜன்னல் சீட்டில் உட்கார வைத்து, பெட்டியைத் தூக்கி என் மடியில் வைத்தார். கண்டக்டரைக் கூப்பிட்டுப் பணத்தைக் கொடுத்தார். "ஏனுங்க, இந்த அம்மிணி நடுவுல எங்காச்சும் இறங்கறேன்னு எந்திரிக்கும். திருநெல்வேலி வர்ற வரைக்கும் இறக்கி விட்டுறாதீங்க" என்றார். கீழே இறங்கி, பஸ் கிளம்புகிற வரைக்கும் படிக்கட்டுக் கதவை வெளியிலிருந்து இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றார்.